கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா: பி.பார்ம் பட்டதாரி எங்கே பதிவு பெறலாம்?

தமிழ்நாட்டில் நான்காண்டு பி.பார்ம் முடித்து, மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்து, சில ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்திலோ மருந்துக் கடையிலோ பணியாற்றிய ஒருவர் வெளிநாட்டிலும் மருந்தாளுநராகவே தொழில் செய்ய எண்ணினால், அவர் தீவிரமாக ஆராயத்தக்க நாடுகள் மூன்று: கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்படுவது, எந்த நாட்டுத் தேர்வு எளிது என்பதுதான். தேர்வு உட்கார்ந்து படித்தால் கைகூடும். தவறினாலும் மறுமுறை எழுதலாம். பதிவு பெறும் பாதையில் நம் உழைப்புக்குக் கட்டுப்படாத பகுதி, அந்நாட்டில் பதிவு பெற்ற ஒரு மருந்தாளுநரின் மேற்பார்வையில் பணிபுரிந்து தேற வேண்டிய பயிற்சிக் காலம். அந்தப் பயிற்சி இடத்தைத் தருவது யார், அது எந்தக் கட்டத்தில் கிடைக்கிறது, அதுவரை ஆகும் செலவைச் சுமப்பது யார், இடையில் பாதை அடைபட்டால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விகளை வைத்து ஒப்பிட்டால், மூன்று நாடுகளும் மூன்று வேறு நிலைகளில் இருப்பவர்களுக்குப் பொருந்துவது தெரியவரும்.

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விசா வேறு, தொழில் உரிமம் வேறு. விசாவைக் குடிவரவுத் துறை தருகிறது. உரிமத்தை அந்த நாட்டு மருந்தாளுநர் ஒழுங்குமுறை அமைப்பு தருகிறது. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியுரிமை (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்துக் கனடாவில் இறங்கியவர்களில், மருந்தாளுநர் உரிமம் பெறாமலே ஆண்டுக்கணக்கில் வேறு வேலை பார்ப்பவர்கள் உண்டு. இந்தியப் பதிவுக்கும் எல்லை இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின் கீழ் நாம் பெறும் பதிவு, வெளிநாட்டு அமைப்புகளின் பார்வையில், நாம் இங்கு தகுதியுள்ள, புகாருக்கு ஆளாகாத தொழிலர் என்பதற்கான சான்று மட்டுமே. பணம் வாங்கும் ஏஜென்சிகள் பெரும்பாலும் விற்பது விசாவைத்தான். உரிமத்தைப் பற்றிய பேச்சு அங்கே ஓரிரு வரிகளில் முடிந்துவிடும்.

இந்த மூன்று நாடுகளோடு சேர்த்துப் பேசப்படும் சில இடங்களை முதலிலேயே தனியாக வைத்துவிடலாம். அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டதாரிகளின் தகுதியை மாநில பார்மசி வாரியங்களின் தேசியச் சங்கம் மதிப்பிடுகிறது. 2003 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் பி.பார்ம் நான்காண்டுப் படிப்பு என்பதால், அதன் பிறகு முடித்தவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இந்தியாவில் 2008-இல் தொடங்கப்பட்ட ஆறாண்டு பார்ம்.டி படித்தவர்களுக்கு அது திறந்திருக்கிறது. அவர்களும் எஃப்பிஜிஇஇ என்ற சமநிலைத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, மாநிலம் கேட்கும் இன்டர்ன்ஷிப் மணிநேரங்கள், நாப்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு, பெரும்பாலான மாநிலங்களில் மருந்துச் சட்டத் தேர்வு என்ற வரிசையைக் கடந்தாக வேண்டும். டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் 30-க்கு 26 என்ற வரம்பு, மற்ற எல்லாவற்றிலும் தேறிய பலரை நெடுங்காலம் தடுத்து நிறுத்திய ஒன்று. அயர்லாந்தைப் பற்றியும் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழில்தகுதி நெறிமுறை மருந்தாளுநர் கல்விக்கு ஐந்தாண்டை அளவுகோலாக வைத்திருப்பதால், நான்காண்டுப் பட்டத்தோடு அங்கே போராடுவதைவிட அருகில் உள்ள பிரிட்டனைப் பார்ப்பது மேல்.

வளைகுடா நாடுகளின் கணக்கு வேறு மாதிரியானது. சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூல இடங்களிலேயே சரிபார்க்கும். அதன் பிறகு கணினித் தேர்வு ஒன்று. தேறினால் துபாய், அபுதாபி, சவூதி என்று அந்தந்த ஆணையத்தின் உரிமத்துக்குத் தகுதி கிடைக்கும். செலவு குறைவு, காலம் குறைவு, சம்பளம் உடனே தொடங்கும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை பொதுவாக இல்லை என்பதும், உள்நாட்டவருக்கான இட ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு இறுகி வருகிறது என்பதும் எதிர்ப்பக்கம். சவூதி அரேபியா 2025 ஜூலை முதல் மருத்துவமனை மருந்தகப் பணிகளில் 65 விழுக்காடும் சமூக மருந்தகங்களில், அதாவது மருந்துக் கடைகளில், 35 விழுக்காடும் தன் குடிமக்களுக்கு என்று வரையறுத்தது. வளைகுடாவை இறுதி இலக்காகக் கொள்ளாமல், மற்ற மூன்று நாடுகளுக்கான செலவைத் திரட்டும் இடமாகவும், நடைமுறை அனுபவத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் இடமாகவும் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. டி.பார்ம் என்ற டிப்ளமா மட்டும் படித்தவர்களுக்கு இங்கே பேசப்படும் மூன்று நாடுகளிலும் மருந்தாளுநர் பாதை இல்லை. கனடாவில் பார்மசி டெக்னீஷியன் என்ற தனி உரிமம் உண்டு. அது வேறு கட்டுரைக்கான பொருள்.

இனிக் கனடா. அங்கு மருந்தாளுநர் தொழிலை மாகாணங்கள் ஒழுங்குபடுத்துகின்றன. தேர்வை மட்டும் கனடா பார்மசி தேர்வு வாரியம் என்ற தேசிய அமைப்பு நடத்துகிறது. இதைத்தான் நம்மவர்கள் சுருக்கமாக பிஇபிசி என்கிறார்கள். முதலில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேசிய இணைய வாயிலில் கணக்குத் தொடங்க வேண்டும். அடுத்து சான்றிதழ் மதிப்பீடு, அதற்குப் பின் மதிப்பீட்டுத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு இரண்டு பகுதிகள் கொண்ட தகுதித் தேர்வு. தகுதித் தேர்வின் முதல் பகுதி பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பகுதிதான் ஆஸ்கி: அடுத்தடுத்த அறைகளில் நோயாளியாகவோ மருத்துவராகவோ நடிக்கும் ஒருவரோடு சில நிமிடங்கள் பேசி, மருந்துச் சிக்கலைக் கண்டறிந்து, தீர்வு சொல்ல வேண்டும். தேர்வாளர் ஒருவர் அருகில் இருந்து மதிப்பெண் இடுவார். பாடம் தெரிந்தும் இந்த இடத்தில் சறுக்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, காலை ஒன்று இரவு ஒன்று என்று கவரில் எழுதித் தருவதோடு வேலை முடிந்துவிடும் சூழலில் பழகியவருக்கு, எதிரில் இருப்பவரிடம் கேள்வி கேட்டு வாங்க வேண்டிய தகவல் இவ்வளவு இருக்கிறது என்பதே புதிதாக இருக்கும்.

தேர்வுக்குப் பிறகு வரும் பயிற்சி மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. ஒன்டாரியோ, நீண்ட பயிற்சிக்குப் பதிலாக, பணியிடத்தில் சில வாரங்கள் உற்றுநோக்கி மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது; வேறு சில மாகாணங்கள் இன்னும் நூற்றுக்கணக்கான மணிநேரப் பயிற்சியைக் கேட்கின்றன. டொரொண்டோ பல்கலைக்கழகத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டுப் பட்டதாரிகளை உள்ளூர் நடைமுறைக்குத் தயார்ப்படுத்தும் இணைப்புப் படிப்புகள் நடந்து வந்திருக்கின்றன. கட்டணம் அதிகம்தான். ஆனாலும் ஆஸ்கியை எதிர்கொள்ள வேண்டியவருக்கு அங்கே கிடைக்கும் பழக்கம் வீட்டில் புத்தகம் வைத்துப் படிப்பதால் வராது. கியூபெக் தன் தேர்வுமுறையைத் தனியாக வைத்திருக்கிறது, பிரெஞ்சும் கேட்கிறது. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு மாகாணத்தில் உரிமம் பெற்றுவிட்டால், தொழிலாளர் இடப்பெயர்வு உடன்பாட்டின் கீழ் இன்னொரு மாகாணத்துக்கு மாறுவது பெரிய சிரமமில்லை. அதனால் முதல் உரிமத்தைப் பயிற்சி இடம் எளிதாகக் கிடைக்கும் மாகாணத்தில் பெற்று, பின்னர் விரும்பிய ஊருக்குப் போகலாம்.

கனடாவின் உண்மையான வலிமை தேர்வுமுறையில் இல்லை, குடிவரவு முறையில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல், வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு நிரந்தரக் குடியுரிமை பெற முடியும். 2023 முதல் சுகாதாரத் தொழில்களுக்குத் தனி அழைப்புச் சுற்றுகளும் நடத்தப்படுகின்றன. மருந்தாளுநர் என்ற தொழிலைக் காட்டி விண்ணப்பிப்பவர், கல்விச் சமநிலைச் சான்றைப் பொது மதிப்பீட்டு நிறுவனங்களிடம் அல்லாமல் பிஇபிசியிடமே பெற வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். இதைத் தெரியாமல் வேறு நிறுவனத்துக்குப் பணம் கட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிரந்தரக் குடியுரிமையோடு குடும்பமாக இறங்கினால், தேர்வுகள் முடியும் வரை மருந்தகத்தில் உதவியாளராக வேலை பார்க்கலாம், கணவனோ மனைவியோ முழுநேரம் வேலைக்குப் போகலாம், பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வில் இரண்டு முறை தவறினாலும் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. தகுதித் தேர்வைப் பொதுவாக மூன்று முறைதான் எழுதலாம், நான்காவது வாய்ப்புக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தொழில் ரீதியான இடர் இருக்கவே செய்கிறது. ஆனால் அந்த இடர் குடும்பத்தின் இருப்பைத் தொடாது.

தொழிலின் உள்ளடக்கமும் அங்கே விரிந்து வருகிறது. ஆல்பெர்ட்டாவில் 2007 முதலே கூடுதல் அதிகாரம் பெற்ற மருந்தாளுநர்கள் தாங்களே மருந்து பரிந்துரைக்கிறார்கள். ஒன்டாரியோவில் 2023 ஜனவரி முதல் சிறுநீர்த் தொற்று, கண் அழற்சி போன்ற சிறு நோய்களுக்கு மருந்தாளுநரே மருந்து எழுதலாம். ஸ்கார்பரோ, மார்க்கம் போன்ற இடங்களில் தமிழ் பேசும் முதியவர்கள் பலர் வாழ்வதால், அவர்களுக்கு இன்சுலின் ஊசியைப் பற்றித் தமிழில் விளக்கத் தெரிந்தவருக்கு அங்கே தேவை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.பார்ம் படித்தவர்களுக்கும் பிஇபிசியின் வாயில் இதுவே. அவர்கள், புகாருக்கு ஆளாகாத தொழிலர் என்று காட்டும் தொழில்நிலைச் சான்றை (குட் ஸ்டாண்டிங் சான்றிதழ்) இலங்கை மருத்துவ கவுன்சிலிடம் பெற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பிரிட்டனின் பாதை ஒழுங்கானது, நேரானது, முன்பணம் கேட்பது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பதிவு அமைப்பு 2010-இல் பணியைத் தொடங்கிய ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சில். வடக்கு அயர்லாந்துக்குத் தனி அமைப்பு உண்டு. வெளிநாட்டுப் பட்டதாரி ஓஸ்பாப் எனப்படும் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும். ஆஸ்டன், பிரைட்டன், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், சண்டர்லாந்து போன்ற சில பல்கலைக்கழகங்களே இதை நடத்துகின்றன. அதன் பிறகு 52 வார அடிப்படைப் பயிற்சி, அதன் இறுதிக் கட்டத்தில் பதிவுத் தேர்வு. ஆங்கிலத்துக்கு, ஐஇஎல்டிஎஸ் கல்விசார் தேர்வில் நான்கு பகுதிகளிலும் தனித்தனியே 7 பெற வேண்டும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் நான்கிலும் பி தரம். பதிவுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் நவம்பரிலும் நடக்கிறது. முதல் தாள் முழுவதும் மருந்தளவுக் கணக்குகள்: 40 கேள்விகள், 2 மணி நேரம். இரண்டாம் தாளில் 120 கேள்விகள். மொத்தம் மூன்று வாய்ப்புகள் மட்டுமே. ஓஸ்பாப் வழியில் வருபவர்களின் தேர்ச்சி விகிதம் பிரிட்டனிலேயே எம்.பார்ம் (அங்கே மருந்தாளுநருக்கான முதல் பட்டமே அதுதான்) படித்தவர்களின் விகிதத்தைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். இதைப் படிப்பின் விளம்பரக் கையேடுகளில் காண முடியாது.

இந்தப் பாதையின் சிறப்பு, ஒவ்வொரு கட்டமும் எப்போது முடியும் என்று முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவிடலாம் என்பது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பதிவு கையில். வகுப்பறையும் ஆய்வகப் பயிற்சியும் பாதையிலேயே அடங்கியிருப்பதால், நீண்ட நாள் மருந்தகத்திலிருந்து விலகி இருந்தவரும் மீண்டும் பழகிக்கொள்ள முடிகிறது. சென்னையில் மெடிக்கல் கோடிங், மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு போன்ற வேலைகளில் ஐந்தாறு ஆண்டுகளைக் கழித்துவிட்ட பி.பார்ம் பட்டதாரிகள் ஏராளம். நோயாளியின் முகம் பார்த்துப் பேசும் பழக்கம் விட்டுப்போன அவர்களுக்கு இந்த ஓராண்டுப் படிப்பு வீண் செலவன்று.

குறை எங்கே என்றால், பெருந்தொகையை உரிமம் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே செலவிட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம், சுகாதாரக் கூடுதல் கட்டணம், வங்கி இருப்பில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு எல்லாம் சேர்ந்து பல லட்சம் ரூபாய் ஆகும். பெரும்பாலானவர்கள் வீட்டையோ நிலத்தையோ ஈடுவைத்துக் கல்விக்கடன் வாங்கித்தான் போகிறார்கள். படிப்பு முடிந்தவுடன் பயிற்சி இடம் வேண்டும். அந்த இடம் ஓரியல் என்ற தேசிய ஆள்சேர்ப்பு முறையில் போட்டியிட்டுப் பெறுவது. கூடவே பணி விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமாகவும் அது அமைய வேண்டியிருக்கலாம். லண்டனில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் காத்திருக்க நேரும். சிற்றூர்களுக்குப் போகத் தயாராக இருப்பவர் விரைவில் இடம் பெறுவார். 2024 ஜனவரி முதல் பாடவகுப்பு முதுநிலைப் படிப்புகளுக்கு வரும் மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்து வர முடியாது என்ற விதி ஓஸ்பாப் மாணவரையும் கட்டுப்படுத்துகிறது. கைக்குழந்தை உள்ளவர்கள் இந்த ஒரு விதிக்காகவே பிரிட்டனை விலக்கிவைத்தால் அதில் தவறு காண மாட்டேன். பணி விசாவுக்கு மாறிய பிறகும் நிலைபெறும் உரிமைக்கு ஐந்தாண்டு என்று இருந்த காலத்தைப் பொதுவாகப் பத்தாண்டாக்கும் எண்ணத்தை 2025-ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் அந்நாட்டு அரசு வெளியிட்டது. இந்தத் திசை நமக்குச் சாதகமானதன்று.

வேலையின் தன்மை பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 அன்று தொடங்கிய பார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தின் கீழ், ஏழு வகை எளிய நோய்களுக்கு மருத்துவரிடம் போகாமலே மருந்தகத்தில் சிகிச்சை பெறலாம். 2021-இல் வந்த புதிய கல்வித் தரநிலைகள், 2026 முதல் பதிவு பெறும் மருந்தாளுநர் சுயமாக மருந்து பரிந்துரைக்கும் தகுதியோடு வெளிவர வேண்டும் என்று வகுக்கின்றன. ஓஸ்பாப்பில் சேர நினைப்பவர், தான் தேர்ந்தெடுக்கும் படிப்பும் பயிற்சியும் அந்தத் தகுதியை உள்ளடக்கியவையா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே மருந்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு அந்தத் தகுதி இருந்து மற்றவருக்கு இல்லாவிட்டால், சம்பளத்திலும் வாய்ப்பிலும் அது தெரியத்தான் செய்யும்.

ஆஸ்திரேலியாவில் பாதையின் தொடக்கம் மலிவானது, நடுப்பகுதி கடினமானது. தகுதியை மதிப்பிடுவது ஆஸ்திரேலிய பார்மசி கவுன்சில். பிரிட்டன், கனடா, அமெரிக்கா, அயர்லாந்து போன்ற சில நாடுகளில் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு இன்னொரு பாதை. நாம் இரண்டாவதில் வருகிறோம். நெடுங்காலமாக இந்தப் பாதையின் தேர்வு காப்ஸ் என்ற இரண்டு தாள்களாக இருந்தது. 2025-இல் அதற்குப் பதிலாக ஓப்ரா என்ற ஒரே தாள் வந்துவிட்டது: 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம். பழைய தேர்வில் மருந்து வேதியியல், மருந்தாக்கவியல் போன்ற கல்லூரிப் பாடங்களுக்கு இருந்த எடை குறைந்து, புதிய தேர்வில் சிகிச்சையியலும் நோயாளி கவனிப்பும் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைப் பிடித்திருக்கின்றன. டெலிகிராம் குழுக்களில் இன்றும் சுற்றும் காப்ஸ் வினாத்தொகுப்புகளை நம்பிப் படிப்பவர், வேறு தேர்வுக்குத் தயாராகிறார் என்றே சொல்ல வேண்டும். தேர்வைப் பன்னாட்டுத் தேர்வு மையங்களில் கணினியில் எழுதலாம். ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியதில்லை, வேலையை விட வேண்டியதும் இல்லை. இது சிறிய சலுகையன்று. தோற்றால் தேர்வுக் கட்டணமும் சில மாத உழைப்பும் போகும், அதற்கு மேல் எதுவும் போகாது.

கடினம் அதற்குப் பின்னால் வருகிறது. தேறியவர் ஆஸ்திரேலிய பார்மசி வாரியத்தில் தற்காலிகப் பதிவு பெற்று, ஏறத்தாழ ஓராண்டு அளவுக்கு மேற்பார்வைப் பயிற்சி செய்து, அதோடு இணைந்த பயிற்சிப் பாடத்திட்டத்தை முடித்து, இன்டர்ன் எழுத்துத் தேர்விலும் வாரியத்தின் வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும். இந்தப் பயிற்சிக்குச் சம்பளம் உண்டு. மருந்தகத் துறை ஊதிய ஆணையில் இன்டர்னுக்கான விகிதம் தனியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இடத்தைத் தேடிப் பிடிப்பது முழுக்க நம் பொறுப்பு. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவரை, நேரில் பார்த்திராத மருந்தக உரிமையாளர் ஓராண்டுக்குத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். சிட்னியிலும் மெல்போர்னிலும் உள்ளூர்ப் பட்டதாரிகளே வரிசையில் நிற்கிறார்கள். குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் தொலைவூர்களிலும் நிலைமை வேறு. ஆள் கிடைக்காமல் தவிக்கும் உரிமையாளர்கள் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யவும் முன்வருவார்கள். அந்த நாட்டில் சமூக மருந்தகங்களைப் பொதுவாக மருந்தாளுநர்களே சொந்தமாக நடத்த முடியும் என்பதால், நீங்கள் கடிதம் எழுதும் உரிமையாளரும் ஒரு மருந்தாளுநர்தான். ஆளெடுப்பு நிறுவனத்துக்கு அனுப்பும் பொதுவான விண்ணப்பத்தைவிட, அவருடைய ஊரையும் அவர் மருந்தகம் செய்யும் பணிகளையும் அறிந்து எழுதிய கடிதம் பலன் தரும்.

குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீட்டையும் அதே கவுன்சில்தான் தருகிறது. ஆகவே தேர்வில் தேறுவது, புள்ளிமுறை விசாவுக்கும் பயிற்சிக்கும் ஒருசேர உதவுகிறது. ஆங்கிலத்தில் கேட்கப்படும் அளவு பிரிட்டனை ஒத்ததே. எழுத்துப் பகுதியில் மட்டும் அண்மையில் சற்றுத் தளர்த்தியிருக்கிறார்கள். நியூசிலாந்தும் நம்மைப் போன்ற பட்டதாரிகளுக்கு இதே தேர்வைப் பயன்படுத்துகிறது. அங்கும் ஓராண்டு இன்டர்ன்ஷிப் உண்டு. அங்கே பதிவு பெற்றுவிட்டால், டாஸ்மன் கடலின் இருகரைகளுக்கும் இடையிலான பரஸ்பர அங்கீகாரச் சட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியப் பதிவையும் கோரலாம். ஒரே தேர்வுக்கு இரண்டு நாட்டுக் கதவுகள் என்பதால், ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிப்பவர் ஆக்லாந்துக்கும் சில கடிதங்கள் எழுதிவைப்பது அறிவுடைமை.

மூன்றையும் அருகருகே வைத்தால், இடையில் பாதை அடைபடுகிறவரின் நிலைதான் மிக வேறுபடுகிறது. ஆஸ்திரேலியப் பாதையில் தேர்வில் தேறிப் பயிற்சி இடம் கிடைக்காமல் போனவர், ஊரில் தன் வேலையில் தொடர்கிறார்; கடன் ஏதும் இல்லை. கனடாவில் நிரந்தரக் குடியுரிமையோடு போய்த் தேர்வில் தேறாதவர், தொழில் மாறி வாழ்கிறார். மனவருத்தம் இருக்கும், குடும்பம் நிலைபெற்றுவிடும். பிரிட்டனில் ஓஸ்பாப் முடித்துப் பதிவுத் தேர்வில் மூன்று முறை தவறியவர் கடனோடும், அந்நாட்டில் மருந்தாளுநராக முடியாது என்ற முடிவோடும், பெரும்பாலும் விசாக் காலம் முடிந்த நிலையிலும் நிற்கிறார். அதற்காகப் பிரிட்டனை ஒதுக்கச் சொல்லவில்லை. கணக்கில் தெம்பும், தேர்வெழுதும் பழக்கமும், இரண்டாண்டுத் தனிவாழ்வுக்குத் தயாரான நிலையும் உள்ள இருபத்தைந்து வயதுக்காரருக்கு மிக விரைவாகவும் உறுதியாகவும் முடியும் பாதை அதுவே. படிப்பிலும் பயிற்சியிலும் சீராக உழைத்தால் முடிவு கைக்கெட்டும். அறிமுகம் இல்லாத ஊரில் உள்ள உரிமையாளர் பதில் எழுதுவாரா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

முப்பதைத் தாண்டி, துணையும் பிள்ளைகளும் உள்ளவர், புள்ளிகள் போதுமானால் கனடாவையே முதலில் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் முப்பது வயதிலிருந்து ஆண்டுதோறும் வயதுக்கான புள்ளி குறைகிறது என்பதால், ஆங்கிலத் தேர்வையும் பிஇபிசி சான்றிதழ் மதிப்பீட்டையும் தள்ளிப்போடுவது நேரடியான இழப்பு. நல்ல வேலையில் இருந்துகொண்டு, எதையும் ஈடுவைக்க விரும்பாமல், தொலைவூரில் ஓரிரு ஆண்டு வாழ மனம் ஒப்புபவருக்கு ஆஸ்திரேலியா பொருந்தும். பார்ம்.டி படித்தவருக்கு இந்த மூன்றோடு அமெரிக்காவும் சேர்கிறது. அவர் தன் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். தேர்வில் தேறுவதற்கு முன்பே மூன்று நாடுகளுக்கும் பணம் கட்டிவைத்துவிட்டு எது முதலில் வருகிறதோ பார்க்கலாம் என்று இருப்பவர்கள், என் கணிப்பில், எதிலும் ஆழமாகத் தயாராவதில்லை. ஓப்ராவுக்கும் பிஇபிசியின் மதிப்பீட்டுத் தேர்வுக்கும் படிக்க வேண்டியவை பெரிதும் ஒத்தவை என்பதால், அந்த இரண்டை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் ஊரில் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ ஒன்றே. கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலோ தாம் படித்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் பாடவாரி மதிப்பெண் ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சில அமைப்புகள் அதைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கேட்கும். நாமே வாங்கி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் கோர வேண்டும். அந்தச் சான்றிதழுக்குச் சில மாதங்களே செல்லுபடிக் காலம் என்று அமைப்புகள் கருதுவதால், அதை மற்ற ஆவணங்கள் எல்லாம் தயாரான பிறகு கடைசியாகப் பெறுவதே சரி. பெயரின் முதலெழுத்து பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் விரிந்திருந்தால், உறுதிமொழிப் பத்திரத்தை முன்னதாகவே தயார் செய்துகொள்ள வேண்டும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி நிரப்பிய படிவங்களால் நம்மவர்கள் படும் பாடு ஓயாதது.

இறுதியாக அனுபவச் சான்று. பதிவுச் சான்றிதழை ஏதோ ஒரு மருந்துக் கடையில் மாட்டிவிட்டு, மாதந்தோறும் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வேறு வேலைக்குப் போகும் வழக்கம் நம் ஊர்களில் இருப்பது யாருக்கும் தெரியாத செய்தியன்று. அந்தக் கடையின் தாளில் வாங்கிய அனுபவக் கடிதத்தை வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அதை இப்போதே கைவிட வேண்டும். சரிபார்ப்பு நிறுவனங்கள் கடைக்கே தொடர்புகொள்கின்றன. வருகைப்பதிவும் ஊதியச் சான்றும் கேட்கின்றன. பொய்யான ஆவணம் என்று ஓரிடத்தில் குறிக்கப்பட்டால், அடுத்த நாட்டின் விண்ணப்பப் படிவத்தில் வரும் நன்னடத்தைக் கேள்விக்கும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உண்மையான அனுபவம் குறைவாக உள்ளவர் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் ஓராண்டு முறைப்படி சேர்ந்து வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். தேர்வு வாரியங்கள் அதுவரை காத்திருக்கும்.